சோணைமுத்து வீட்டுக் காற்று

என் வீட்டுக்காரர் கந்தப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பூட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரைக்கும் போவார், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அந்தப் பூட்டுக்கு வாயிருந்தால் என்னைவிட அதிகமாக அழுதிருக்கும். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், சிலிண்டர்காரர் வழியில் பாதி கேஸை இறக்கிவிட்டு வருகிறார், கோயில் பூசாரி நம் தேங்காய் மூடியை வேறொருத்தருக்குக் கொடுத்துவிட்டுச் சின்ன மூடியை நம் தட்டில் வைக்கிறார். கல்யாணமாகி வந்த புதிதில், என் மேல் மட்டும் இவருக்குச் சந்தேகமே இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். குழம்பு வைத்ததும் தினமும் என்னை ஒரு வாய் சாப்பிடச் சொல்கிறாரே, என்ன பாசம் என்று நினைத்தேன். பாசமாவது மண்ணாவது!

பிறவியிலேயே இப்படியா என்றால், இல்லை. மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவர். தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் பேச்சு கொஞ்சம் உரக்க இருக்கும், மனசு வெள்ளை. திருப்பூர் ராயபுரத்தில் வீடு கட்டி, வீட்டுக்குக் கீழேயே ஒரு அண்டர்கிரவுண்டு அறை எடுத்து, அதில் நிட்டிங் மிஷின்களைப் போட்டார். அறைக்குள் நின்றால் தலைக்கு மேலே மூன்று வென்டிலேட்டர். வெளியே போய்ப் பார்த்தால் அவை தரையோடு தரையாக, பக்கத்து வீட்டுச் சந்தில் திறந்திருக்கும். வீடு கட்டியபோது அந்தப் பக்கம் வெறும் காலி இடம். பிறகுதான் மானாமதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த சோணைமுத்துவும் அவர் மனைவி சீனியம்மாளும் அதை வாங்கிக் குடிசை போட்டார்கள். இன்று அது மாடி வீடு. கீழே அயர்ன் டேபிள் போட்டுக் கம்பெனி பனியன்களைத் தேய்த்துக் கொடுக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இவர் பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் காலர் ஒன்றைப் புதுமாதிரியாகப் பின்னினார். மூன்று கலர், நடுவில் பல்லுப் பல்லாக ஒரு கோடு. ஏஜென்ட் காரில் வந்து, சாம்பிளைக் கையில் வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் அதே காலர், பல்லுக் கோடு முதற்கொண்டு, வேறொரு கம்பெனி ஷோரூமில் தொங்கியது. ஆர்டர் அவர்களுக்குப் போய்விட்டது. இவர் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அழுதார் என்றே சொல்லலாம். அப்போது என்னிடம் சொன்னார்:

"பொன்னு, நான் பாத்திருக்கறேன். அந்தச் சந்துல நின்னுக்கிட்டு, வென்டிலேட்டர் வழியா ஒரு கண்ணு எந்நேரமும் உள்ள பாத்துக்கிட்டே இருந்துது. சோணைமுத்து ஊட்டாளுதான். மாதிரியைப் பாத்து எவனுக்கோ சொல்லிப்போட்டாங்க."

கண்ணால் பார்த்துக் காலரைப் பின்ன முடியுமா என்று நான் கேட்டேன். சாம்பிளைக் கையோடு வாங்கிப்போன ஏஜென்ட்டைச் சந்தேகப்பட இவருக்குத் தோன்றவே இல்லை. அவர் காரில் வந்தவர், மடிப்புக் கலையாத சட்டை போட்டவர். சந்தேகம் எப்போதும் பக்கத்துக் குடிசையைப் பார்த்துத்தானே போகிறது!

மறுநாளே வென்டிலேட்டர்களை அடைத்தார். செங்கல் வாங்கவில்லை. திருப்பூர்க்காரன் எதை அடைப்பதானாலும் கைக்கு வருவது பனியன் வேஸ்ட்தான். மிஷின் துடைக்க, ஒழுகும் குழாயைக் கட்ட, ஆடும் கட்டில் காலுக்கு முட்டுக்கொடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அந்த வேஸ்ட் துணியைத் திணி திணி என்று திணித்து, மேலே இரண்டு பக்கமும் சிமெண்டு பூசிவிட்டார். அதோடு சோணைமுத்து வீட்டோடு பேச்சுவார்த்தையும் நின்றது. சீனியம்மாள் வாசலில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள். நான் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் திருப்பிச் சிரிப்பேன். என்ன பிழைப்பு இது!

வருஷங்கள் ஓடின. மிஷின்களை விலைக்குக் கொடுத்தாயிற்று. கீழறைக்கு டைல்ஸ் ஒட்டி, ஏசி மாட்டினார். எங்கள் மகள் தேஜஸ்ரீ தலைப்பிரசவத்துக்கு வந்தாள். போன பங்குனியில் ஆண் குழந்தை பிறந்தது. நித்தீஷ் என்று பெயர். பேரனைக் கையில் வாங்கியதும் இவருக்குக் கால் தரையில் படவில்லை. அப்புச்சி ஆனவர் சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? இல்லையே, இன்னும் பத்து மடங்கு பயம் வந்துவிட்டது. மேல்மாடி அறையில் ஜன்னல் இருக்கிறது, கண் பட்டுவிடுமாம். ஹாலில் ஆள் வந்து போகிறார்கள், சளி ஒட்டிக்கொள்ளுமாம். தாயையும் பிள்ளையையும் கீழறையில் கொண்டுபோய் வைத்தார்.

"ஈ, எறும்பு, கண்ணு, காத்து, ஒண்ணும் உள்ள வராது. இந்த ஊட்டுலயே பத்திரமான எடம் அதுதான்" என்றார்.

குழந்தையின் துணிகளை மாடியில் காயப்போடவும் விடவில்லை. எவளாவது பார்த்துப் பெருமூச்சு விடுவாள் என்று அவற்றையும் கீழறையிலேயே கொடி கட்டிக் காயப்போட்டோம். குழந்தைக்கு வெந்நீர் வைப்பதும் அங்கேதான். கதவு சாத்தியே இருக்கும்.

சித்திரை முடிவதற்குள் அந்த அறையில் ஒரு வாடை வந்தது. ஈரச் சாக்கை மடித்து மூலையில் போட்ட வாடை. சுவரில் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியது. பீரோவுக்குப் பின்னால் கருப்புப் புள்ளிகள். குழந்தையின் நெஞ்சில் கர்கர் என்று சத்தம். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அவனோ மருந்தைக் கண்டால் உதட்டைப் பூட்டிவிடுவான். பூட்டு விஷயத்தில் அப்படியே அப்புச்சி!

இவருக்குக் காரணம் தேட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சோணைமுத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நம் சுவரை ஒட்டி இருக்கிறது. வேண்டுமென்றே ஒழுகவிடுகிறார்கள்.

"பொறந்த குழந்தைன்னுகூடப் பாக்காம பண்றாங்களே, இவியெல்லாம் நல்லா இருப்பாங்களா?" என்று சந்தைப் பார்த்துக் கத்தினார். அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை. அயர்ன் பாக்ஸ் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பதில் சொல்லாததும் குற்றமாகிவிட்டது.

எங்கள் மாப்பிள்ளை தரணீதரன் கோயமுத்தூரில் கல்லூரி வாத்தியார், இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, தண்ணி சுவத்துக்குள்ள இருந்து வருதா, அறைக்குள்ளயே உண்டாகுதான்னு ஈஸியா பாத்துரலாமுங்க" என்றார். பனியன் பேக் பண்ணும் பாலி கவர் ஒன்றை எடுத்து, சோணைமுத்து பக்கத்துச் சுவரில் விரித்து வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டினார். "சுவத்துல இருந்து வந்தா கவருக்கு அந்தப் பக்கம், சுவத்தை ஒட்டித் தண்ணி நிக்கும். அறையோட ஈரம்னா இந்தப் பக்கம் நிக்கும்."

இவருக்கு ஒரே குஷி. சாட்சி கிடைக்கப் போகிறது அல்லவா! மறுநாள் ஓடிப்போய்ப் பார்த்தார். கவரின் இந்தப் பக்கம், நம் பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர். டேப்பைப் பிரித்துச் சுவரைத் தொட்டார். காய்ந்து கிடந்தது.

"ஆரோ தண்ணி தெளிச்சிருக்கறாங்க" என்றார்.

"நானும் உங்க மகளும் தவிர இந்த அறைக்கு வர்றது நீங்கதானுங்க" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். தாயையும் பிள்ளையையும் பகல் முழுக்க ஹாலில் உட்கார வைத்துவிட்டு, புதிதாக ஒரு கவர் ஒட்டி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். திறந்தபோது அதே முத்துதான், அதே பக்கம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பாலி கவர்கூட ஆளைக் கூட்டு வைத்துக்கொண்டு பொய் சொல்கிறது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை கல்லூரியிலிருந்து ஒரு சின்ன மீட்டர் கொண்டுவந்தார். "மாமா, நம்ம பக்கம் நெலத்துக்கடியில பாறைங்க. சில பாறையில இருந்து ரேடான்னு ஒரு கேஸ் வரும். வாசம் கெடையாது, நெறம் கெடையாது. வெளிய இருந்தா காத்துல கலந்து போயிரும். மூடிக் கெடக்கற கீழறையா இருந்தா சேந்துக்கிட்டே இருக்கும். குழந்தையோட சளிக்கு அது காரணமில்லீங்க, அது பூஞ்சையால வந்தது. ஆனா இந்தக் கேஸை வருஷக்கணக்குல சுவாசிச்சா நொரையீரலுக்கு ஆகாது. இருக்குதுன்னு நான் சொல்லலைங்க. அளந்து பாத்துரலாமுன்னுதான் சொல்றேன்."

வாசமில்லாமல், நிறமில்லாமல், கதவும் பூட்டும் இல்லாமல் தரைக்குள்ளிருந்து உள்ளே வரும் ஒரு ஆள்! வாழ்நாள் முழுவதும் இவர் தேடிக்கொண்டிருந்த திருடன் அவன்தான். நம்புவார் என்று நினைத்தேன். நம்பவில்லை. மாப்பிள்ளை கிளம்பியதும் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

"புரியுதா உனக்கு? மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி புள்ளையச் சீக்கிரமாக் கூட்டிட்டுப் போகோணும். கேட்டா நாம வுட மாட்டோம். அதுக்கு ஒரு கேஸைக் கண்டுபுடிச்சிருக்கறாரு."

"அட கெரகமே! கொண்டவன் கூப்பிட்டா அவ போறா. அதுக்குப் பாறையில இருந்து கேஸை வேற வரவழைக்கோணுமா?"

மீட்டரில் எண் நாளாக ஆக ஏறியது. எவ்வளவு வந்தால் கவலைப்பட வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தாரோ அதையும் தாண்டிவிட்டது. உடனே இவர் மீட்டரைச் சந்தேகப்பட்டார். ஆட்டோ மீட்டர் மாதிரி கூடுதலாகக் காட்டச் சூடு வைத்திருக்கிறார்களாம். அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பூஜையறையில் வைத்தார். அங்கே எண் மெல்ல மெல்ல இறங்கியது. "சாமி இருக்கற எடத்துல எல்லாமே அடங்குமுல்ல" என்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். அங்கே இன்னும் இறங்கியது. திரும்பக் கீழறையில் வைத்தார். ஏறியது. அன்றைக்கு இவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் பேரனை மேலே கொண்டுவரச் சம்மதிக்கவில்லை. மேலே ஜன்னல் இருக்கிறதே!

ஒரு மத்தியானம் தேஜஸ்ரீ கீழேயிருந்து கத்தினாள். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. இவர் பேரனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார். முதல் தடவையாக வீட்டைப் பூட்டாமல் ஓடினார். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் வைத்து, மருந்தைப் புகையாக உள்ளே அனுப்பி மூச்சைச் சீராக்கினார்கள். டாக்டரம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "குழந்தையை எங்கே படுக்க வைக்கிறீங்க?" தேஜஸ்ரீ சொன்னாள். அறைக்கு ஜன்னல் உண்டா என்று கேட்டார். தேஜஸ்ரீ அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பையை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் எங்க மாமியார் ஊட்டுக்கே போறனுங்க. அங்க ஜன்னல் இருக்குது."

"கண்ணு, அஞ்சு மாசம் முடிஞ்சுதான் அனுப்போணும். ஒறம்பரைங்க, சொந்தபந்தமெல்லாம் என்ன சொல்லுவாங்க?"

"புள்ளைக்கு ஒண்ணு ஆனா ஒறம்பரையா வந்து மூச்சு வுடுவாங்க?" என்றாள். அவள் இதுவரை அப்பாவை எதிர்த்துப் பேசியதில்லை. பேசிவிட்டு அவளே அழுதாள். "உங்களுக்கு எல்லாரு மேலயும் சந்தேகம். அந்த அறை மேல மட்டும் ஏனுங்கப்பா சந்தேகமே வரல?"

இவர் கீழே போய் மீட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். பிறகு மாப்பிள்ளைக்கு இவரே போன் பண்ணினார். அதுவே எனக்கு அதிசயம். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டோம். அறை சரியாகும் வரை இரண்டு பேரும் மேலேதான் இருக்க வேண்டும். கீழே ஈரத்துணியும் வெந்நீரும் கூடாது. டைல்ஸுக்கு அடியில் மிஷினுக்குக் கரண்டு வயர் போன பள்ளம் அப்படியே கிடக்கிறது, கேஸ் அதன் வழியாக வரலாம், அதைத் தோண்டி அடைக்க வேண்டும். வென்டிலேட்டர்களைத் திறக்க வேண்டும். ஒன்றில் ஃபேன் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். மற்ற இரண்டின் வழியாக உள்காற்று வெளியே போய்விடும். பிறகு மறுபடி அளக்க வேண்டும்.

"வெளிக்காத்துன்னா... சோணைமுத்து ஊட்டுக் காத்துங்களா?" என்றார் இவர்.

"காத்துக்குப் பட்டா இல்லீங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

நான் சிரித்துவிட்டேன். தேஜஸ்ரீ சிரிக்கவில்லை. பை மூடாமல் கட்டில் மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இவர் சட்டையை மாட்டினார். வென்டிலேட்டர் திறப்பது அவர்கள் சந்தில். அவர்கள் சம்மதிக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. பல வருஷமாக வைது தீர்த்த வாசலில் போய் நிற்க வேண்டும். "நீயும் வா" என்று என்னைக் கூப்பிட்டார். பூட்டை ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தார்.

சோணைமுத்து அயர்ன் டேபிளை விட்டு எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சீனியம்மாள் இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இவர் சொம்பைத் தொடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"பேரனுக்கு நெஞ்சுல சளிங்க. கீழறையில காத்து இல்ல. அந்த வென்டிலேட்டரைத் தொறக்கோணும். உங்க சந்துதான். நீங்க மனசு வெச்சா..."

"தெறந்துக்கங்கண்ணே, இதைப் போயிக் கேக்கணுமா?" என்றார் சோணைமுத்து. "ராஜ்கமலு சாயங்காலம் வருவான். அவன்கிட்ட ட்ரில் மிஷினு இருக்கு. அவனே ஒடைச்சுக் குடுப்பான்."

இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் இவருக்குத் தாங்குமா? அதிலும் ஏதோ இருக்கிறது என்று முகம் மாறியது. கேட்டேவிட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அந்தக் காலத்துல அந்த ஓட்டை வழியா எந்நேரமும் உள்ள பாத்தது ஆரு?"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. சீனியம்மாள்தான் பதில் சொன்னாள்.

"நாந்தேன் பாத்தேன். நானும் எம் மகனும். ராஜ்கமலு அப்பக் கைப்புள்ளண்ணே, சோத்தைக் கண்டா வாயத் தெறக்க மாட்டான். உங்க மிஷினு கிறுகிறுன்னு சுத்தும்ல, அதைக் காட்டுனா ஆன்னு பாப்பான். அப்பிடியே ஒரு வாயி, இன்னொரு வாயின்னு ஊட்டிருவேன். மத்தவுக நெலாவைக் காட்டுவாக, நான் உங்க மிஷினைக் காட்டுனேன். திடீர்னு ஒருநா பூசி அடைச்சுப்புட்டீக. எம்புள்ள எத்தனை நாளு அந்தச் செவுத்தைத் தட்டித் தட்டி அழுதான் தெரியுமா?"

"சொல்லியிருக்கலாமுல்லீங்க?" என்றார் இவர்.

"நீங்க கேக்கவே இல்லியேண்ணே."

இவர் சொம்பை எடுத்து, அண்ணாந்து, தண்ணீர் முழுவதையும் குடித்தார். என் வீட்டுக்காரர் வெளியில் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு கைக்குழந்தையின் கண்ணுக்குப் பயந்தா இத்தனை வருஷம் இந்த மனிதர் காற்றை வெளியே நிறுத்தி வைத்திருந்தார்!

சாயங்காலம் ராஜ்கமல் வந்தான். ஒரு கம்பெனியில் மிஷின் மெக்கானிக்காக இருக்கிறானாம். வாட்டசாட்டமான ஆள். சிமெண்டை உடைத்துக் கையை விட்டு இழுத்தான். பனியன் வேஸ்ட் ஒரே சுருளாக வந்தது. ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கறுத்து, பிடித்தால் தண்ணீர் சொட்டியது. நடுவில் கொஞ்சம் மட்டும் நிறம் போகாமல் இருந்தது. மூன்று கலர், பல்லுப் பல்லாக ஒரு கோடு. அந்த ரிப் காலரேதான். யார் கண்ணிலும் படக் கூடாதென்று அடைத்தவர், அந்தத் துணியையே அடைத்திருக்கிறார்.

"டிசைன் நல்லாருக்கே மாமா, யாரு போட்டது?" என்று கேட்டான் ராஜ்கமல். இவர் அந்தத் துண்டை வாங்கிப் பிழிந்து, மடித்து, பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பள்ளத்தைத் தோண்டி அடைத்தார்கள். சுவரைச் சுரண்டிப் பூசினார்கள். ஃபேன் ஓடியது. மாப்பிள்ளை மறுபடி மீட்டரை வைத்தார், எண் இறங்கி இறங்கிப் பயமில்லாத இடத்துக்கு வந்து நின்றது. இவர் தினமும் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்தான். சந்தேகம் என்ன, ஒரே நாளில் போகிற ஜுரமா? மகளும் பேரனும் ஜன்னல் உள்ள மேலறையிலேயே இருந்தார்கள். பை காலியாகிப் பீரோவுக்கு மேலே ஏறியது.

போன வாரம் ஒருநாள், நான் குளித்துவிட்டு வருகிறேன், தொட்டிலில் குழந்தை இல்லை. தேஜஸ்ரீ தூங்குகிறாள். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. யார் வந்தார்கள், யார் தூக்கினார்கள்? இத்தனை வருஷம் கூடவே இருந்த வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ. ஈரத்தலையோடு தெருவுக்கு ஓடினேன். சந்துப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது.

வென்டிலேட்டருக்கு எதிரே சீனியம்மாள் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் பேரன். ஃபேன் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவன் கண்ணைக்கூட இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சொட்டு மருந்தைக் கையில் ஏந்தியபடி என் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே... இப்ப வாயத் தெறப்பான் பாருங்க" என்றாள் சீனியம்மாள்.

"ஏனுங்க, கதவைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டீங்களே!" என்று நான் சத்தம் போட்டேன்.

இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தம் போடாத பொன்னு. பையன் பாத்துக்கிட்டு இருக்கறான்" என்றார்.